கமடோர் 64: தொகுப்பு வட்டு வாங்கும் முன்பும் ஓடாதபோதும்

பழைய வீட்டுக் கணினியான கமடோர் 64 பற்றியும், பல நிரல்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த அதன் தொகுப்பு வட்டுகள் பற்றியும் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆகவே இம்முறை முழு இடமும் அதற்கே. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். மேற்கோள் குறி, டாலர் குறி, காற்புள்ளி ஆகியவற்றை இங்கே உள்ளபடியே அடியுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் கமடோர் 64, அதன் ஃப்ளாப்பி வட்டைப் படிக்கும் 1541 டிரைவ், "ஒரே வட்டில் 300 விளையாட்டுகள்" என்ற ஃப்ளாப்பி ஆகிய மூன்றையும் சேர்த்து விற்கிறார். வட்டின் கோப்புப் பட்டியல் திரையில் தெரியும் படமும் போட்டிருக்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த 300 என்ற எண்ணை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1541 டிரைவ் வட்டின் ஒரு பக்கத்தை 683 பிளாக்குகளாகப் பிரிக்கிறது. அதில் நமக்குக் கிடைப்பவை 664. பிளாக்குக்கு 254 பைட் என்றால் மொத்தம் சுமார் 165 கிலோபைட். பட்டியலில் அதிகபட்சம் 144 பெயர்களுக்குத்தான் இடம் உண்டு. வட்டைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் நிரப்பினாலும் 288-ஐத் தாண்ட முடியாது. அந்த 144 பெயர்களையும் நிரப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பிளாக்குகூடத் தேறாது. அந்த அளவில் அடங்குவது, பத்திரிகையைப் பார்த்து அடித்துச் சேர்த்த சின்ன பேசிக் மொழி நிரல்தான். கடையில் விற்ற விளையாட்டுகளில் பலவும் நூறோ இருநூறோ பிளாக் பிடிப்பவை; பக்கத்துக்கு நான்கைந்து ஏறினால் பெரிது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெட்டி நிறைய வட்டு வைத்திருந்து "ஒரே வட்டு" என்று எழுதியிருக்கலாம். கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்தப் படம். 1541 வட்டில் தரவு பதியும் வட்டப் பாதைகள், அதாவது தடங்கள், 35. கோப்புப் பட்டியல் முழுவதும் நடுவிலுள்ள 18-ஆம் தடத்தில் இருக்கிறது. பட்டியல் தெரிகிறது என்றால் அந்த ஒரு தடம் நன்றாக இருக்கிறது, டிரைவின் தலை அங்கே படிக்கிறது, அவ்வளவுதான். மீதி 34 தடங்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தாலும் பட்டியல் அழகாக வந்து நிற்கும். கோப்புகளைப் பதியும்போது டிரைவ் 18-ஐ ஒட்டிய தடங்களில் தொடங்கி இருபுறமும் விலகிக்கொண்டே போகும். ஆகவே நிரம்பிய வட்டில் பட்டியலின் கடைசியில் உள்ள கோப்புகள் பெரும்பாலும் ஓரத்துத் தடங்களில் இருக்கும். விற்பவரிடம் படத்துக்குப் பதிலாகச் சிறு காணொளி கேளுங்கள். கணினியை அணைத்துப் போடட்டும், பட்டியலைக் காட்டட்டும், பட்டியலின் அடியிலிருந்து நீங்கள் சொல்லும் பெயர் ஒன்றை ஏற்றி ஓட்டட்டும். கணினியைப் போட்டவுடன் திரையில் 38911 பேசிக் பைட்டுகள் மீதம் என்ற வரி வர வேண்டும். எண் குறைந்திருந்தால் நினைவகச் சில்லில் கோளாறு இருக்கிறது.

"சோதிக்க வசதி இல்லை" என்று எழுதியிருக்கிறாரா? டிரைவையும் கணினியையும் சேர்த்து விற்பவருக்கு என்ன வசதி குறைவு? அப்படி எழுதிய பொருளுக்கு ஓடாத பொருளின் விலையைத்தான் கொடுக்கலாம்.

கேள்வி: பழைய பொருள் விற்பனையில் வாங்கிய தொகுப்பு வட்டைப் போட்டு லோட் "$",8,1 என்று அடித்தேன். திரையின் மேல்பகுதி முழுவதும் குப்பை எழுத்துகள். வட்டு கெட்டுவிட்டதா? ஒரு கோப்பை ஓட்டிவிட்டு லோட் "*",8 என்று கொடுத்தால் முதல் கோப்பு வராமல் பழையதே வருகிறது. வேறு சில கோப்புகள் ஏறுகின்றன, ரன் கொடுத்தால் சின்டாக்ஸ் எரர்.

பதில்: வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றும் கட்டளையில் வருகிற சிக்கல்கள்தான்.

கட்டளையின் கடைசியிலுள்ள 1, "கோப்பிலேயே எழுதியிருக்கும் முகவரியில் கொண்டுபோய் வை" என்று சொல்கிறது. கோப்புப் பட்டியலோடு வரும் முகவரி 1025. கமடோர் 64-இல் திரைக்கான நினைவிடம் 1024-இல் தொடங்குகிறது. பட்டியல் நேராகத் திரைமேல் போய்க் கொட்டிவிட்டது. லோட் "$",8 என்று மட்டும் அடித்து, ரெடி என்று வந்ததும் லிஸ்ட் கொடுங்கள். பட்டியலை இப்படி ஏற்றினால் நினைவகத்தில் இருந்த பேசிக் நிரல் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சேமிக்காத வேலை இருக்கும்போது பட்டியல் பார்க்கப் போகாதீர்கள். 1541 டிரைவோடு கமடோர் கொடுத்த டெஸ்ட் டெமோ வட்டு உங்களிடம் இருந்தால் அதில் சி-64 வெட்ஜ் என்ற நிரலை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அதன்பின் @$ என்று அடித்தாலே பட்டியல் வரும், நிரலும் நினைவகத்தில் அப்படியே இருக்கும். அந்த வட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த வெட்ஜ்தான்.

நட்சத்திரக் குறி விஷயம்: டிரைவைப் போட்டதும் முதல்முறை கொடுத்தால் அது வட்டின் முதல் கோப்பை எடுக்கும். அதற்குள் வேறு கோப்பை ஏற்றியிருந்தால், கடைசியாக எடுத்ததையே மறுபடி கொண்டுவரும். லோட் ":*",8 என்று நட்சத்திரத்துக்கு முன்னால் முக்காற்புள்ளி சேர்த்தால் எப்போதும் முதல் கோப்புதான். தொகுப்பு வட்டுகளில் முதல் கோப்பு பெரும்பாலும் மெனு என்பதால் இந்த முக்காற்புள்ளி அடிக்கடி தேவைப்படும்.

சின்டாக்ஸ் எரர் வருகிற கோப்புகள் இயந்திர மொழியில் எழுதியவையாக இருக்கலாம். அவற்றுக்குத்தான் அந்த 8,1 வேண்டும். ஏற்றிய பிறகு ரன் உதவாது. நிரலோடு வந்த குறிப்பில் உள்ள எண்ணைச் சேர்த்து, உதாரணமாக சிஸ் 49152 என்று கொடுக்க வேண்டும். அப்படி ஏற்றியபின் வேறு எதைச் செய்தாலும் அவுட் ஆஃப் மெமரி என்று வந்தால் பதற வேண்டாம், நியூ என்று அடித்தால் சரியாகிவிடும். பட்டியலில் வெறும் கோடுகளாகவோ அலங்காரமாகவோ, 0 பிளாக் அளவில் தெரிபவை கோப்புகளே அல்ல. வட்டைத் தொகுத்தவர் பிரிவு காட்டுவதற்காகப் போட்ட வரிகள் அவை. அவற்றை ஏற்ற முயன்றால் கோப்பு இல்லை என்றுதான் பதில் வரும்.

கேள்வி: சில கோப்புகளுக்கு டிரைவின் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. திரையில் ஃபைல் நாட் ஃபவுண்ட் என்று மட்டும் வருகிறது. பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. இடையில் கடகடவென்று சத்தம் வேறு. டிரைவைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கும் முன் டிரைவையே கேளுங்கள். 1541-க்குள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. என்ன நடந்தது என்று அதற்குத் தெரியும், திரைக்குத்தான் முழுதாகச் சொல்வதில்லை. இந்த நான்கு வரிகளை அடியுங்கள்:

10 ஓப்பன் 15,8,15
20 இன்புட்#15,ஏ,பி$,சி,டி
30 பிரின்ட் ஏ,பி$,சி,டி
40 குளோஸ் 15

வரி எண் இல்லாமல் அடித்தால் இன்புட்# வேலை செய்யாது. இதை முதலில் ஏற்றி வைத்துக்கொண்டு பிழையை வரவழைக்கவும் முடியாது, ஏனென்றால் அடுத்த லோட் இதைத் துடைத்துவிடும். விளக்கு சிமிட்டத் தொடங்கியபின் அடித்து ரன் கொடுங்கள்.

முதலில் வருவது பிழை எண். 62 என்றால் கோப்பு உண்மையிலேயே அந்தப் பெயரில் இல்லை. ஒரு இடைவெளி கூடியிருக்கும், அல்லது ஷிஃப்ட் அழுத்தி அடித்த எழுத்து இருக்கும். முதல் சில எழுத்தும் நட்சத்திரமும் போட்டு முயலுங்கள். 74 என்றால் டிரைவ் தயாராக இல்லை. வட்டு உள்ளே இருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 73 வந்து 1541 என்ற பெயரும் தெரிந்தால் அது பிழையல்ல, டிரைவ் தன் பதிப்பைச் சொல்கிறது. 20 முதல் 27 வரை வருபவற்றில் 26 மட்டும் எழுதத் தடை இருப்பதைச் சொல்கிறது. மற்றவற்றில் நாம் கவனிக்க வேண்டியவை படிக்க முடியாத பிழைகள். அப்போது கடைசி இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை தடமும் அதிலுள்ள துண்டும்.

ஒரே வட்டில், ஒரே தடத்தில் மறுபடி மறுபடி வந்தால் வட்டில்தான் பழுது. அந்தக் கோப்பு போயிற்று, மற்றவை பிழைக்கும். எந்த வட்டைப் போட்டாலும் எங்கெங்கோ வந்தால் டிரைவைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதல் வேலை தலையைச் சுத்தம் செய்வதுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். கடகட சத்தம், தலை முதல் தடத்துக்கும் அப்பால் போய்த் தடுப்பில் முட்டுவது. வட்டுப் பிழை வந்தால் டிரைவ் தானாகவே அப்படி முட்டிப் பார்க்கும். நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே பிழை வைத்து விற்ற விளையாட்டுகளும் ஒவ்வொரு முறையும் முட்ட வைத்தன. நாளடைவில் தலை இடம் பிசகுவதற்கு இது பெரிய காரணம். அதைச் சரிசெய்யத்தான் பழுதுபார்ப்பவர் வேண்டும்.

டெஸ்ட் டெமோ வட்டில் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட் என்ற சோதனையும் உண்டு. நல்ல சோதனைதான், ஆனால் உள்ளே இருக்கும் வட்டை ஃபார்மட் செய்துதான் தொடங்கும். அழிந்தாலும் பரவாயில்லை என்ற வட்டை மட்டும் போடுங்கள். அதற்கு இரட்டை அடர்த்தி வட்டு வேண்டும். 1.2 மெகாபைட் வட்டுகளின் காந்தப் பூச்சு வேறு. 1541 அதில் நம்பகமாக எழுதாது, நீங்கள் வீணாக டிரைவைக் குறை சொல்வீர்கள்.

கேள்வி: 150 பிளாக்குக்கு மேலுள்ள கோப்புகளை ஏற்றினால் கணினி உறைந்துவிடுகிறது.

பதில்: எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்? 1541 நொடிக்குச் சுமார் 400 பைட் வேகத்தில்தான் அனுப்பும். 200 பிளாக் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல். டிரைவ் சுழலும் சத்தம் இருக்கும்வரை கை வைக்காதீர்கள். எபிக்ஸ் 1984-இல் வெளியிட்ட ஃபாஸ்ட் லோட் போன்ற கார்ட்ரிட்ஜ் இருந்தால் சில மடங்கு வேகம் கிடைக்கும். சில தொகுப்புகள் தமக்கென்று விரைவு ஏற்றியைக் கொண்டிருக்கும். அவை கார்ட்ரிட்ஜோடு மோதி உண்மையாகவே உறைவதும் உண்டு. அப்போது கணினியை அணைத்துக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

கேள்வி: வட்டு சுழலும்போது கீச்சென்று கத்துகிறது. ஆனாலும் படிக்கிறது.

பதில்: உடனே எடுத்துவிடுங்கள். வட்டின் நடுத்துளையில் விரலை விட்டுச் சுற்றி, படிக்கும் நீள்துளை வழியே விளக்கொளியில் பாருங்கள். வெளிறிய புள்ளிகளோ திட்டுகளோ தெரிந்தால் பூஞ்சை. அது தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல வட்டுகளையும் கீறும். தலையைத் துடைக்காமல் இன்னொரு வட்டைப் போடவே கூடாது. உள்ளடக்கம் அரிதென்றால், உறையின் மேல்விளிம்பை வெட்டி, உள்ளிருக்கும் படலத்தை எடுத்து, காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பிலும் கழுவி, நன்றாகக் காயவைத்து, வேறு உறைக்குள் போட்டுப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண விளையாட்டுத் தொகுப்புக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

கேள்வி: "அசல் கமடோர் அடாப்டருடன்" என்று கூடுதல் விலை கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அடாப்டர் 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருகிறது. வயதானால் 5 வோல்ட் பகுதியின் சீராக்கி பழுதாகி மின்னழுத்தம் ஏறும். நினைவகச் சில்லுகள் கருகும். பல அடாப்டர்களின் உட்புறம் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. அளந்து பார்த்து 5.25 வோல்ட்டைத் தாண்டினால் குப்பைக்கு. இன்று சரியாக அளந்தது நாளைக்கும் சரியாக இருக்கும் என்பதில்லை. புதிதாகத் தயாரித்து விற்கும் மாற்று அடாப்டரை வாங்குங்கள், அசலை அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வாங்கிய தொகுப்பு வட்டு கனடாவில் ஓடுமா?

பதில்: வட்டு படிக்கும், எல்லா நிரலும் ஓடாது. ஐரோப்பியக் கமடோர் பி.ஏ.எல். என்ற தொலைக்காட்சி முறை, நொடிக்கு 50 திரை. வட அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி., 60 திரை. ஒவ்வொரு திரைக்கும் கிடைக்கும் நேரம் குறைவதால் ஐரோப்பிய விளையாட்டுகள் சில மினுங்கும், சில நின்றுபோகும். பேசிக் நிரல்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. டிரைவையும் சேர்த்துக் கொண்டுவருவதானால் உள்ளே இருக்கும் மின்மாற்றி எந்த மின்னழுத்தத்துக்கானது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

கேள்வி: லோட்ஸ்டார் இதழ்கள் ஒரு பெட்டி கிடைக்கிறது. வாங்கத்தக்கதா?

பதில்: என் கணக்கில் தொகுப்பு வட்டுகளிலேயே இதற்குத்தான் விலை கொடுக்கலாம். அமெரிக்காவின் ஷ்ரீவ்போர்ட் நகரிலிருந்து 1984-இல் தொடங்கி 2007 வரை வந்த வட்டு இதழ் அது. கமடோர் நிறுவனமே 1994-இல் மூடிய பிறகும் நிற்கவில்லை. மெனுவோடு வருவதால் புதியவருக்கும் திண்டாட்டம் இல்லை. வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பிற்காலத்தில் 3.5 அங்குல வட்டிலும் வந்தது. அதற்கு 1581 டிரைவ் வேண்டும், 1541-இல் நுழையவே நுழையாது. "லோட்ஸ்டார் 128" என்று போட்டிருந்தால் அது கமடோர் 128-க்கானது.

வீட்டுக்கு வந்ததும், எதையும் ஓட்டும் முன், ஒவ்வொரு வட்டின் ஓரத்து வெட்டின்மேலும் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். 1541 அதில் எழுத முடியாது. பட்டியலில் வகைக்கு முன்னால் நட்சத்திரம் தெரியும் கோப்பு சரியாக மூடப்படாதது. அதைக் கண்டு, வட்டின் இடக் கணக்கைச் சரிபார்க்கும் வேலிடேட் கட்டளை கொடுத்துத் திருத்தப் போகாதீர்கள். பட்டியலில் இடம்பெறாமல் நேரடியாகத் துண்டுகளில் எழுதிய தரவு வட்டில் இருந்தால் அந்த இடத்தைக் காலி என்று அது குறித்துவிடும். பிறகு ஜூம்ஃப்ளாப்பி போன்ற யு.எஸ்.பி. இணைப்பியால் டிரைவை இன்றைய கணினியோடு சேர்த்து வட்டின் பிம்பத்தை, அதாவது முழு வட்டின் நகலை ஒரே கோப்பாக, எடுங்கள். கோப்பு 174,848 பைட் இருந்தால் 35 தடங்களும் முழு அளவில் வந்திருக்கின்றன. ஆனால் நகலெடுக்கும்போது பிழை காட்டிய துண்டுகள் உண்டா என்று தனியே பாருங்கள், ஏனென்றால் படிக்காத துண்டு இருந்தாலும் அளவு குறையாது. கேபிள்களைச் செருகும்போதும் கழற்றும்போதும் எல்லாவற்றின் மின்சாரமும் அணைந்திருக்க வேண்டும்.