மியூனிக்கில் விடுதி அறை: இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்ததில், காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. 1,800 யூரோ கட்டினால் அறையை உறுதி செய்து தருவதாகக் கோவையில் ஒரு கல்வி ஆலோசகர் சொல்கிறார். அறை இல்லாவிட்டால் விசாவும் சிக்கலாகும் என்கிறார். கட்டலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்: கட்டாதீர்கள் ஐயா. பாதித் தொகையைக்கூடக் கட்டாதீர்கள்.

அங்கே மாணவர் விடுதிகளை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ‘ஸ்டுடீரெண்டன்வெர்க்’ என்ற தனிப் பொது நிறுவனம். கல்லூரியில் சீட் கிடைத்தால் ஹாஸ்டலிலும் இடம் உண்டு என்பது நம் ஊர் வழக்கம். அங்கே இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். மாணவரே விண்ணப்பிக்க வேண்டும். முறை வரும்போது அறை ஒதுக்குவார்கள். ஒப்பந்தமும் மாணவர் பெயரில்தான் போடுவார்கள். நடுவில் ஒருவர் புகுந்து வரிசையை மாற்ற முடியாது. உங்கள் ஆலோசகர் தன்னிடம் இல்லாத பொருளை உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்.

மியூனிக்கில் ஓரிரு பருவங்கள் (செமஸ்டர்) காத்திருப்பது சாதாரணம். அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஃப்ரைமான் பகுதியில் இருக்கும் ‘ஸ்டூடெண்டன்ஷ்டாட்’ ஏறக்குறைய 2,500 பேர் தங்கக்கூடிய மாணவர் குடியிருப்பு. 2021 பிப்ரவரியில் அதன் ஒரு கட்டடத்தில் தீ விபத்து நடந்தது. அதன்பின் பாதுகாப்புக் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவர, அடுத்தடுத்த கட்டடங்களையும் காலி செய்தார்கள். அறைக்கு ஆலாய்ப் பறக்கும் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த மெத்தனத்துக்கு விலை கொடுப்பவர்கள் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள். இடைத்தரகர்கள் பிழைப்பதும் அந்தப் பற்றாக்குறையை வைத்துத்தான்.

விசாவுக்கு வருவோம். அதில் கனமானவை பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதமும், ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட்டதற்கான சான்றும்தான். மற்ற ஆவணங்களுக்குத் தூதரகத்தின் பட்டியலை நீங்களே திறந்து வரிவரியாகப் படியுங்கள். அந்தப் பட்டியலைத் தரகர் வாயிலாகக் கேட்கவே கேட்காதீர்கள்.

நம்மவர்கள் ஏமாறுவதற்கு இன்னொரு காரணம் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ். அதற்குப் பழகிய கைக்கு 1,800 யூரோ பெரிதாகத் தெரிவதில்லை. ஜெர்மன் சட்டப்படி அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை (தண்ணீர், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராதது). அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு; முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று எழுதுபவன் திருடன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அப்படிப் பணம் அனுப்பிவிட்டு, இரண்டு பெட்டிகளோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். ஜெர்மனியில் அழைப்பு மணிப் பலகையில் வீட்டு எண்ணுக்குப் பதில் குடியிருப்பவர் பெயர்தான் இருக்கும். இருந்த பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்திருக்கிறார். ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அங்கே இல்லை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது முகவரிப் பதிவைப் பற்றி. ‘அன்மெல்டுங்’ என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு, இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று தேவை. வரி எண் வருவதும் அந்த முகவரிக்குத்தான். விசாவை நீட்டிக்கப் போகும்போதும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். “அறை உண்டு, அன்மெல்டுங் கிடையாது” என்று விளம்பரம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். குடியிருக்காத வீட்டின் முகவரியைப் பதிவுக்காக விற்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டமீறல், அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு.

பதிந்த சில வாரங்களில், பொதுத் தொலைக்காட்சி, வானொலிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டணம் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. நான்கு பேர் ஒரே வீட்டைப் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். விடுதியிலோ, அறைக்கதவு யாரும் நடமாடக்கூடிய பொது நடைபாதையில் திறந்தால், அந்த ஒற்றை அறையே தனி வீடாகக் கணக்காகும். அங்கே தங்குபவர் முழுத் தொகையும் கட்ட வேண்டும். அதே விடுதியில், முதலில் ஒரு பொது வாசல், அதற்குள் சமையலறை, அதைச் சுற்றி அறைகள் என்று இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே வீடு. ஆகவே உங்கள் மகள் கதவைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதட்டும். பதிலே எழுதாமல் விட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போய், மொத்தமாகக் கேட்டுக் கடிதம் வரும். ஆங்கிலம் பேசும் மாணவர்களைச் சேர்க்கத் தெரிந்த நாடு, இந்தக் கடிதத்தைப் புரியும்படி எழுதி அனுப்பக் கூடாதா?

இந்த வாரமே தொடங்குங்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கட்டும். ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை நான்கைந்து மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள். மகள் அதைத் தேடட்டும். கிடைத்தால் இரண்டே கேள்வி: உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருக்கிறதா, அன்மெல்டுங் சான்று தருவார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், அங்கே ஏற்கெனவே படிக்கும் தமிழ் மாணவர் ஒருவரை நேரில் போய் மணிப் பலகையையும் அறையையும் பார்த்துவரச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சொன்ன பிறகு முதல் தவணையை அனுப்பலாம்.