சனிக்கிழமையை நிரப்ப வேண்டாம்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 22 பேர் பத்து நாள் பயணமாக எருசலேமுக்கும் கலிலேயாவுக்கும் புறப்படுகிறோம். ஏற்பாடுகள் என் பொறுப்பு. எருசலேமில் தங்கும் சனிக்கிழமைக்கு மட்டும் எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை. “வருஷக்கணக்கில் ராண்டு ராண்டாகச் சேர்த்த பணம், ஹோட்டலில் உட்காரவா போகிறோம்? அன்றைக்கு மசாதா மலைக்கோட்டைக்கும் சவக்கடலுக்கும் போய்வரலாமே” என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்த நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். மசாதா சனிக்கிழமையும் திறந்திருக்கும் என்பதால் அவர்கள் கேட்பது நடக்காத காரியமல்ல. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஒரு குழுவை அழைத்துச் சென்றபோது, இதே முறையீட்டுக்கு இணங்கி, சனிக்கிழமை விடியுமுன்பே எல்லாரையும் எழுப்பிப் பேருந்தில் ஏற்றியவள் நான். திங்கட்கிழமை கலிலேயாக் கடலில் படகு போய்க்கொண்டிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியம்மா கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்து உறங்கிவிட்டார். சிறுவயதில் ஞாயிறுப் பள்ளியில் கேட்ட நாள்முதல் அவர் காண ஏங்கிய நீர் அது. படகு கரையைத் தொட்டதும் கண்விழித்து, “கடல் எப்போதம்மா வரும்?” என்று என்னிடம் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

நமக்கும் அந்த ஊருக்கும் நேர வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மணிதான் என்பதால், அலுப்பு விமானத்தில் வருவதில்லை. பழைய நகரத்தின் வழுவழுப்பான கற்படிகளில் ஏறி இறங்கியே வருகிறது. நான்காம் நாளில் முதியோரின் கணுக்கால் வீங்கிவிடும், ஆனால் அவர்கள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் வழிவந்த நம் வீடுகளில் சும்மா இருப்பதே ஒரு குற்றம்போல் வளர்க்கப்பட்டிருக்கிறோம். என் ஆயாவும் உட்கார்ந்தால் கையில் பயறாவது வைத்து உடைத்துக்கொண்டிருப்பார். ஆகவே ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விடாமல், நிகழ்ச்சி நிரலிலேயே “ஓய்வுநாள்” என்று அச்சிட்டு, புறப்படுமுன் சபையில் விளக்கிச் சொல்லுங்கள். மசாதாவை வியாழக்கிழமைக்கு மாற்றி, அதற்காக வேறொரு சிறிய இடத்தைக் கைவிடுங்கள்.

வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலைவரை நீளும் யூதர்களின் ஓய்வுநாளில் ஊரே ஓய்ந்திருப்பதைக் காண்பதற்கும் நீங்கள் கொடுத்த காசு தகும். வெள்ளிக்கிழமை மதியம் மஹானே யெஹூதா சந்தைக்கு எல்லாரையும் அழைத்துச் சென்று, பின்னல்போல் முறுக்கிச் சுட்ட ஹல்லா ரொட்டியும் பேரீச்சம்பழமும் ஒலிவக்காயும் வாங்கி வைத்துவிடுங்கள்; பிற்பகலில் கடைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்படும், பேருந்தும் டிராமும் நின்றுவிடும். சூரியன் மறைய நாற்பது நிமிடங்கள் இருக்கும்போது நகரெங்கும் சைரன் ஒலிக்கும். அது ஓய்வுநாள் தொடங்குவதற்கான அறிவிப்பு என்பதை முன்னரே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் ஆபத்தோ என்று பயந்துவிடுவார்கள். அன்று மாலை யூதர்கள் கூடி ஜெபிக்கும் மேற்குச் சுவரின் முற்றத்தில் இளைஞர்கள் கைகோத்துப் பாடி ஆடுவதைக் காணலாம். ஆனால் அந்நேரம் அங்கே படமெடுப்பதும் எழுதுவதும் கூடாது என்பதால், சுவரிடுக்கில் வைக்க விரும்பும் ஜெபச் சீட்டுகளை அறையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதும் மின்பொத்தானை அழுத்துவதும் ஓய்வுநாளில் விலக்கப்பட்டவை என்பதால், யூத ஹோட்டல்களில் சனிக்கிழமை காலை ஆம்லெட் சுட்டுத் தரமாட்டார்கள். முன்பே சமைத்ததுதான் கிடைக்கும். ஓய்வுநாளுக்கென உள்ள லிஃப்ட், பொத்தானை அழுத்தாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று செல்லும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்மாடியில் அறை கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொருவர் ஓட்டுநர். ஓய்வுநாள் கட்டளையில் பிள்ளைகளோடு வேலைக்காரரும் மிருகஜீவனும் வாசலிலுள்ள அந்நியனும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறார்கள். பத்து நாளும் உங்கள் 22 பேரையும் சுமந்துசெல்பவருக்கு அந்த ஒரு நாளாவது பேருந்துச் சாவியைத் தொடாமல் இருக்கக் கிடைக்கட்டும். அவர் இஸ்லாமியராகவோ அரபுக் கிறிஸ்தவராகவோ இருந்து, வெள்ளியோ ஞாயிறோ அவருக்கு உகந்ததானால், அதையும் கேட்டறிந்து நிரலை அமையுங்கள்.

யூதச் சட்டங்களை நாம் கைக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் ஆராதனை ஞாயிறன்று இருக்கவே இருக்கிறது. நடக்க விரும்புகிறவர்கள் யாஃபா வாசல் வழியாகப் பழைய நகரத்துக்குள் போகட்டும். அங்கே அரபு வியாபாரிகளின் கடைகள் திறந்திருக்கும், திருக்கல்லறைத் தேவாலயமும் திறந்திருக்கும். மாலையில் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, முந்தின நாள் வாங்கிய ரொட்டியைப் பிட்டுக்கொண்டு, அதுவரை கண்டவற்றை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் ஓய்வுநாள் முடிந்து, பென் யெஹூதா தெருவில் விளக்குகளும் கடைகளும் மறுபடியும் உயிர்பெறும். கால் வலிக்காதவர்கள் அங்கே ஒரு நடை போய்வரலாம்.

அந்நாள் முழுதும் உறங்கவேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவர் அறைக்கதவை எவரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.