முகத்துவாரத்து மணல்

ஐயா,
அடையாறு கடலில் சேருமிடத்தைக் கோடைதோறும் மணல் மூடிவிடுகிறது. இருபுறமும் கல் கொட்டி நிரந்தரமாகத் திறந்து வைத்தால் என்ன? அது எங்கே உற்பத்தியாகிறது என்பதிலும் எனக்குக் குழப்பம். இந்தச் செத்த ஆற்றைப் பற்றி எழுதுங்களேன்.
க., சென்னை

அன்புள்ள க.,

அடையாறு மலையில் பிறக்கவில்லை. தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து, வழியில் செம்பரம்பாக்கத்து உபரியையும் வாங்கிக்கொண்டு, சுமார் 42 கிலோமீட்டரில் கடலுக்கு வந்துவிடுகிறது. அது போதும்.

மணலுக்கு வருவோம். சில நாட்களாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோடையில் ஆற்றில் நீரோட்டம் இல்லை. சென்னைக் கடலின் ஏற்றவற்றமோ ஒரு மீட்டர் அளவுதான், மணலை அரித்துத் தள்ள அதற்கு வலு போதாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோரமாக வடக்கே நகரும் மணலை அலை ஆற்றின் வாயில் கொண்டுவந்து போடுகிறது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். இந்தக் கரையில் சிற்றாறுகளின் இயல்பே இதுதான். இதையா நோய் என்கிறீர்கள்?

கல் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் கல்சுவர் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. இங்கேயும் கல் போட்டால் வடக்கே சீனிவாசபுரத்து மீனவர் வீடுகள்தான் முதலில் போகும். அதை யோசித்தீர்களா?

சிறுவயதில் அந்த மணல்மேட்டில் நடந்து அக்கரைக்குப் போவோம். வீச்சுவலையோடு நின்ற பெரியவர் ஒருவர், "வாய் தொறந்தா குஞ்சு ஏறும் தம்பி, மூடுனா உள்ள வளரும்" என்றார். மடவை மீனும் இறாலும் கடலில் முட்டையிட்டு, குஞ்சாக உள்ளே வந்து, உவர்நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறவை. மூடிக் கிடக்கும் மாதங்களிலும் அவை உள்ளே வளரும், தண்ணீர் நல்லதாக இருந்தால்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நாறுவது மணலால் இல்லை, மணலுக்குப் பின்னால் நாம் விடுகிற சாக்கடையால். வாயைத் திறந்து வைத்தால் அதே சாக்கடை கடலுக்குப் போகும், உங்கள் மூக்குக்கு மட்டும் நிம்மதி. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள், அது தெரிகிறது. கல்லுக்குச் செலவழிக்கச் சொல்லும் பணத்தை, ஆற்றில் விழும் ஒவ்வொரு கழிவுநீர்க் குழாயையும் அடைக்கச் செலவழிக்கச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.