நூறுக்குப் போகும் வழி

அன்புள்ள ஐயா,

1 முதல் 9 வரை வரிசை மாறாமல் எழுதி, நடுவில் கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டோ, குறியில்லாமல் ஒட்டியோ (1, 2 சேர்ந்து 12 ஆவது போல) 100 கொண்டுவர வேண்டும். இதற்குப் பைதான் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். குறிகளைக் குலுக்கல் முறையில் போட்டுப் பார்க்கும். ஐயாயிரம் தடவை ஓட்டியதில் ஆறு விடைகள் கிடைத்தன. இதை வேகமாக்க வேறு மொழிக்கு மாறலாமா?

ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

மொழியெல்லாம் மாற்ற வேண்டாம். எட்டு இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி. ஆக மொத்தமே 6561தான். வரிசையாகப் பார்த்தால் 11 விடைகளும் (1க்கு முன்னால் குறி போடாமல்) வந்துவிடும். குலுக்கிப் போட்டால் பதினொன்றும் சேர சராசரியாக இருபதாயிரம் தடவை ஆகும். அதற்குப் பிறகும் பன்னிரண்டாவது உண்டா இல்லையா என்று தெரியாது. இந்த 6561ஐக் கணக்குப் போடாமலே கணினி முன்னால் உட்கார்ந்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம்.

ஏழாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் இதே புதிரைப் போட்டார். நான் கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 99 வரும், 108 வரும், நூறு வராது. நோட்டைக் காட்டியபோது அவர் திட்டவில்லை. "வந்ததையெல்லாம் ஒன்பதால் வகுத்துப் பாருடா" என்றார். எல்லாமே மீதியில்லாமல் வகுபட்டன. ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதியோ, அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தாலும் அதே மீதிதான். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. எப்படி ஒட்டிக் கூட்டினாலும் ஒன்பதின் மடங்குதான் வரும். நூறுக்கு மீதி 1. ஒரு வாரத் தோல்வி முழுவதும் அந்த நிமிடத்தில் விளங்கியது. வகுப்பிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது கழிக்கிற எண்களின் இலக்கங்களை மட்டும் கூட்டுங்கள். 123 − 45 − 67 + 89 என்பதில் 4, 5, 6, 7 சேர்ந்து 22. 12 + 3 + 4 + 5 − 6 − 7 + 89 என்பதில் 13. 1 + 2 + 3 − 4 + 5 + 6 + 78 + 9 என்பதில் வெறும் 4. 123 − 4 − 5 − 6 − 7 + 8 − 9 என்பதில் 31. எல்லாவற்றிலும் ஒன்பதால் வகுத்தால் மீதி 4. மற்ற ஏழு விடைகளும் அப்படித்தான். ஏன் நாலு? கூட்டலில் இருக்கும் எண்ணைக் கழித்தலுக்கு மாற்றினால் விடை அதைப்போல் இரண்டு மடங்கு குறையும். அங்கிருந்து பிடியுங்கள். கணினியை மூடிவிட்டு உங்கள் ஆறு விடைகளையும் தாளில் எழுதி உட்காருங்கள், தம்பி. பிடிபட்டதும் எனக்கு எழுதுங்கள்.