முன்னாள் படைவீரரின் அடக்கத்தை யார் முன்நின்று நடத்தலாம்?

பெரம்பூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவுக்கு வயது 84. பெரியம்மா காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில் இருக்கிறார். உடனிருந்து பார்த்துக்கொள்வது நான்தான். அவர் காலத்துக்குப் பின் அடக்கத்தை நான் நடத்தலாமா? ராணுவத்தின் அனுமதி வேண்டுமா? நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் இடம் கிடைக்குமா? தேசியக் கொடி போர்த்தலாமா?"

தாங்கள் தாராளமாக நடத்தலாம். ராணுவத்தின் அனுமதி தேவையில்லை. பணியில் இருக்கும்போது இறக்கும் வீரரின் உடலை ஊர் கொண்டு சேர்ப்பது முதல் இறுதி மரியாதை வரை படைப்பிரிவே பார்த்துக்கொள்கிறது. ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பொறுப்பு குடும்பத்தையே சேரும்.

குடும்பத்தில் யாருக்கு முதல் உரிமை என்று வரிசைப்படுத்தும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்ற நெருக்கமே வழக்கத்தில் மதிக்கப்படுகிறது. அந்த வகையில் கனடாவில் உள்ள தங்கள் சகோதரி தங்களுக்கு முன்னே நிற்கிறார் என்பதால், "அடக்கத்தை என் சார்பில் இவர் நடத்தலாம்" என்று அவரிடமிருந்து இப்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பெரியப்பாவும் தம் விருப்பத்தைத் தனித் தாளில் எழுதி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திடட்டும். உயிலில் மட்டும் எழுதி வைப்பது போதாது. உயிலைப் பெரும்பாலும் அடக்கம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

கொளத்தூரில் ஒரு முன்னாள் வீரரின் வீட்டில், கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டமா சொந்த ஊரா என்று பிள்ளைகள் விடிய விடிய வாதாடியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். கடைசியில் சொந்த ஊருக்கே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள், ஓய்வூதியத்துக்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, படையிலிருந்து விடைபெறும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நடுவே நான்காக மடித்த அரைத்தாள் ஒன்று கிடைத்தது. "கீழ்ப்பாக்கத்தில், உங்கள் அம்மா பக்கத்தில்" என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பிடித்திருந்த மூத்த மகனின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. எழுதிய தாள் எங்கே இருக்கிறது என்பது நடத்தப்போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நந்தம்பாக்கம் கல்லறையில் இடம் கிடைக்காது. அது போரில் இறந்தவர்களுக்காக 1952-இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த காமன்வெல்த் படையினர் 850-க்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். குடும்பக் கல்லறை இருந்தால் அது யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதைக் கல்லறைத் தோட்ட அலுவலகத்திலும், தேவாலயக் கடிதம் பற்றிப் பங்குத்தந்தையிடமும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வீட்டில் இறந்தால், கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரின் இறப்புக் காரணச் சான்று வேண்டும். மருத்துவமனை என்றால் அவர்களே இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். வீடு என்றால் 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் தெரிவிப்பது குடும்பத்தின் கடமை. விபத்து போன்ற இயற்கைக்கு மாறான மரணங்களில் காவல்துறையின் பிரேத விசாரணை முடிந்தே உடல் ஒப்படைக்கப்படும்.

கொடி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அரசு மரியாதையோ படை மரியாதையோ வழங்கப்படும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே தேசியக் கொடியைப் போர்த்தலாம். பாசத்தில் கடையில் ஒன்று வாங்கிப் பெட்டிமேல் போர்த்துவது, 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகலாம். அரசு அல்லது படை மரியாதையுடன் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. பெரியப்பாவுக்கு அந்த மரியாதை கிடைக்குமா என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அவருடைய படைப்பிரிவுத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். மலர்வளையத்தோடு அவர்கள் வந்து நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

அடக்கம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழின் நகலுடன் ஓய்வூதியம் வழங்கும் அமைப்புக்குத் தெரிவித்துவிடுங்கள். இறந்த பிறகு கணக்கில் விழும் ஓய்வூதியத்தை அரசு திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்பதால், அந்தப் பணத்தை அடக்கச் செலவுக்கு எடுத்துவிட வேண்டாம்.