ஷேரை வித்ததுக்கு நட்பு ஏன் கசக்கணும்?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு சர்ச் தன்கிட்ட இருந்த கம்பெனி ஷேரை வித்துச்சாம், அதுக்கு யூதர்கள் ஏன் அவ்வளவு வருத்தப்பட்டாங்க? அவங்க பணம், அவங்க இஷ்டம் இல்லையா?

பதில்: நீங்க சொல்றது பிரெஸ்பிட்டீரியன் சர்ச், அமெரிக்காவுல ஒரு புராட்டஸ்டன்ட் சபை. 2004ல ரிச்மண்ட்ல கூடுன பொதுச்சபைல, இஸ்ரேல்ல தொழில் பண்ற பன்னாட்டு கம்பெனிகள்ல இருந்து படிப்படியா முதலீட்டை எடுக்கிற வேலைய தொடங்கலாம்னு 431க்கு 62ன்னு முடிவாச்சு, யூத அமைப்புகள் கொதிச்சுப் போனாங்க, 2006ல அந்த வாசகத்தை மாத்துனாங்க, 2012ல ஷேரை விக்கிற தீர்மானம் வெறும் 2 ஓட்டுல தோத்துச்சு, 2014ல டெட்ராய்ட்ல 310க்கு 303ன்னு ஜெயிச்சிடுச்சு. கேட்டர்பில்லர், ஹியூலெட் பேக்கார்ட், மோட்டோரோலா சொல்யூஷன்ஸ்னு மூணு கம்பெனி, சுமார் 2 கோடி டாலர். அந்தக் கம்பெனிகளுக்கு இதெல்லாம் ஒரு தொகையே இல்ல.

பாலஸ்தீனர் வீட்டை இஸ்ரேல் இடிக்கிற கேட்டர்பில்லர் புல்டோசர்ல எங்க காணிக்கை காசு இருக்கக் கூடாதுன்னு ஒரு சர்ச் நினைச்சா அதுல எனக்கு ஒரு தப்பும் தெரியல. பாலஸ்தீன கிறிஸ்தவர்களே 2009ல கைரோஸ் அறிக்கைல இப்படி ஏதாவது செய்யுங்கன்னு கேட்டிருந்தாங்க.

ஆனா யூதர் காதுல அது வேற மாதிரி விழுது. 1933 ஏப்ரல் 1ம் தேதி நாஜிகள் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசல்லயே ஆள் நிறுத்துனாங்க, அதுக்கு முன்னாடி எத்தனையோ நூற்றாண்டா யேசுவைக் கொன்னவங்கன்னு பழி சொன்னது சர்ச்தான், கத்தோலிக்க சபை அந்தப் பழியை மறுத்து எழுதினதே 1965லதான். இந்த நினைப்போட இருக்கிறவங்ககிட்ட, 2014 ஆரம்பத்துல அந்த சர்ச்சோட ஒரு குழு சயனிசமே, அதாவது யூதருக்குன்னு ஒரு நாடு வேணும்ங்கிற கொள்கையே, அடிப்படைல கோளாறுங்கிற மாதிரி ஒரு பாடக் கையேடு போட்டாங்க பாருங்க, அதான் ஷேரை வித்ததை விட ஆழமா குத்துச்சுன்னு நான் நினைக்கிறேன். ஒரு அரசாங்கம் செய்றதை எதிர்க்கிறது வேற, ஒரு ஜனம் தனக்குன்னு ஒரு நாடு வேணும்னு ஆசைப்பட்டதே தப்புன்னு சொல்றது வேற இல்லையா? ஓட்டெடுப்பு முடிஞ்ச சில நாள்லயே சர்ச் தன் வெப்சைட்ல அந்தக் கையேட்டை விக்கிறதை நிறுத்திடுச்சு, ஆனா காயம் காயம்தானே.

இன்னொண்ணு, இதை சர்ச் ஒரு பக்கம் யூதர் ஒரு பக்கம்னு பாக்காதீங்க. டெட்ராய்ட்ல ரப்பி (யூத மதகுரு) ரிக் ஜேக்கப்ஸ் அந்த சபைல நின்னு விக்காதீங்க, வாங்க இஸ்ரேல் பிரதமரா இருந்த நெதன்யாஹுவை நேர்லயே பாத்துப் பேசலாம்னு கூப்பிட்டார், அதே ஊர்ல ஜூயிஷ் வாய்ஸ் ஃபார் பீஸ்ங்கிற யூத அமைப்புக்காரங்க வித்துடுங்கன்னு கேட்டுட்டிருந்தாங்க.