டெலஸ்கோப் வாங்கியாச்சு, நிலாவைத் தவிர எதுவும் தெரியவில்லையே!

கேள்வி: மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் வாங்கினோம். பெங்களூரு கே.ஆர்.புரத்தில் அடுக்குமாடி வீடு. பால்கனியில் வைத்துப் பார்த்தால் நிலா தெரிகிறது, மற்றபடி ஒரே கறுப்பு. இன்னும் பெரியதாக வாங்க வேண்டுமா? வரும் டிசம்பரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? குடும்பத்தோடு போகிற மாதிரி குழுக்கள் ஏதும் உண்டா? சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். (ஒரு வாசகி)

பெரியதாக வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதே போதும். அந்தப் பணத்தில் பாதியைப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கறுப்பு. என்னிடம் வருகிற பத்தில் எட்டுப் பேருக்கு இதே பிரச்சினைதான். குழாயின் மேல் ஒட்டியிருக்கிற, குறி பார்ப்பதற்கான சின்ன ஃபைண்டரும் பெரிய குழாயும் வேறு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை ராத்திரியில் சரிசெய்வது கஷ்டம். பகலில், தூரத்தில் ஒரு செல்போன் டவரைத் தேர்ந்தெடுங்கள். 25 மி.மீ. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) போட்டு டவரின் உச்சியை நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு குழாயை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அதிலும் அதே உச்சி நடுவில் வரும்படி செய்யுங்கள். பத்து நிமிட வேலை. உங்கள் மகளே செய்வாள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாய் திரும்பவே கூடாது. பெட்டிக்குள் ஐபீஸில் மாட்டுகிற சின்னக் கறுப்புச் சூரியக் கண்ணாடி இருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும்.

அடுத்த தவறு, எடுத்த எடுப்பிலேயே பெரிய உருப்பெருக்கம். குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸ் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும்: குவியத் தூரம் 700 மி.மீ. என்றால், அதை 25-ஆல் வகுத்தால் 28 மடங்கு, 10-ஆல் வகுத்தால் 70. எப்போதும் 25-இல் தேடிப் பிடித்த பிறகுதான் 10-ஐ மாட்ட வேண்டும். பெட்டியின் மேல் 500 மடங்கு என்று போட்டிருக்கும், நானும் ஒரு காலத்தில் அதை நம்பிப் பணம் கொடுத்தவன்தான். 70 மி.மீ. லென்ஸ் 140 மடங்குக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் கலங்கல்தான்.

அப்புறம், பால்கனியை விட்டு மொட்டைமாடிக்கு வாருங்கள். பகலெல்லாம் வெயில் வாங்கின கான்கிரீட் ராத்திரி ஒன்பது மணி வரை சூடு விடும். அதுவரை எல்லாம் அலையலையாக ஆடும். சாவி அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கும், கேட்டால் தயங்குவார். அவர் வீட்டுப் பேரனுக்கு ஒரு தடவை சனியைக் காட்டிவிடுங்கள், அடுத்த வாரம் சாவி உங்கள் வீட்டுக்கே வந்துவிடும்.

2026 டிசம்பரில் மாலை வானத்தின் நாயகன் அந்தச் சனிதான். ஏழரை, எட்டு மணிக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருப்பார். அங்கே திருப்பும்போது குழாயின் அடி முக்காலியின் காலில் இடிக்கும். அதனால் ஒன்பது, பத்து மணிக்கு மேற்கே சாய்ந்த பிறகு பாருங்கள், சூடும் அடங்கியிருக்கும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டி, கண்ணுக்கே தெரியாமல் நின்றது. இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது, ஆனாலும் ஒல்லிதான். படத்தில் பார்த்ததுபோல் இருக்கும் என்று மகளிடம் சொல்லி வைக்காதீர்கள்.

வியாழன் வேண்டுமென்றால் விழித்திருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கிழக்கே சிம்ம ராசியில் வியாழனும் செவ்வாயும் எழும்பும், பக்கத்தில் மகம். வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் 28 மடங்கிலேயே புள்ளிகளாகத் தெரியும். விடியற்காலையில் எழுகிறவர் என்றால் கிழக்கே விடிவெள்ளி. டெலஸ்கோப்பில் அது தேய்பிறைபோல் தெரிந்து, மாதக் கடைசியில் பாதி நிலாவாகத் தடித்துவிடும்.

நட்சத்திரங்களுக்கு நான் குழந்தைகளிடம் பயன்படுத்துகிற வழி, அவர்களுடைய ஜாதக நட்சத்திரம். ஜோசியம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெயர்கள் நிஜமான விண்மீன்கள். ஒன்பது மணிக்குக் கார்த்திகையின் அறுமீன் கொத்து உச்சியில், அதன் கீழே ஆரஞ்சு நிற ரோகிணி, கிழக்கே சிவந்த திருவாதிரை. “இதுதான் உன் நட்சத்திரம்” என்றதும் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பாருங்கள். அனுஷம், கேட்டைக்காரர்கள் மட்டும் காத்திருக்க வேண்டும், சூரியன் அந்த மாதம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

டிசம்பரின் பெரிய விருந்து ஜெமினிட் எரிகற்கள். 13, 14 இரண்டு ராத்திரியும் நல்லவை. 9-ஆம் தேதி அமாவாசை என்பதால் பிறை பத்து மணிவாக்கில் மறைந்துவிடும். ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுப்போன தூசு வழியாகப் பூமி போகும்போது வருவது இது. டெலஸ்கோப் இதற்கு உதவாது. பாய் விரித்து மல்லாந்து படுக்க வேண்டும், மங்கி கேப், ஃபிளாஸ்கில் காப்பி. நள்ளிரவு தாண்டினால்தான் வேட்டை சூடுபிடிக்கும். கே.ஆர்.புரத்து வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம்.

குழுக்கள் உண்டு. 1989-இல் திறந்த நேரு கோளரங்கத்தை ஒட்டி இயங்கும் பெங்களூர் அமெச்சூர் வானியலாளர் சங்கம் பழையது. பெங்களூர் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி நகருக்கு வெளியே இருட்டைத் தேடிப் போகும் இரவுகளை நடத்துகிறது. அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளைக் கேளுங்கள், டிசம்பரில் 5-உம் 12-உம் அப்படிப்பட்டவை. போவதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: கழிப்பறை இருக்கிறதா, குழந்தைகளோடு வேறு குடும்பங்கள் வருகின்றனவா, விடியும் வரை இருக்க வேண்டுமா. டார்ச்சில் சிவப்பு செலஃபன் தாள் கட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் வெள்ளை வெளிச்சம் அடித்தால், இருட்டுக்குப் பழகிய அத்தனை கண்களும் இன்னொரு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். தனியாக வண்டி எடுத்துக்கொண்டு நந்தி மலைக்குக் கிளம்பாதீர்கள், இரவில் உள்ளே விட மாட்டார்கள்.

ஆனால் உங்களுக்கு இதைவிட நல்ல இடம் சொந்த ஊரிலேயே இருக்கிறது. பெங்களூரு கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருட்டான வானம் தேடி டெலஸ்கோப் வைத்திருக்கும் இடங்களில் ஒன்று உங்கள் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், காவலூர். 1977-இல் யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று தெரியவந்த இரவில் அங்கிருந்த 1 மீட்டர் டெலஸ்கோப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் 1986-இல் வந்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்க முடியாது, அது கருவிகளுக்கானது. இதை மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் ஊருக்குப் போவீர்கள் என்றால், 24-ஆம் தேதி பௌர்ணமி, இந்த வருடத்திலேயே மிக அருகில் வரும் நிலா. அழகு, ஆனால் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். 12-ஆம் தேதி வார இறுதியோடு திங்கள் ஒருநாள் லீவு போட முடியுமா பாருங்கள், ஜெமினிட்டும் சேர்ந்து கிடைக்கும். கே.ஆர்.புரத்தில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்குகிற ரயிலில் முக்காலியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். குழாயை மட்டும் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டில் வைத்தால், போய்ச் சேர்ந்ததும் மறுபடி டவரைத் தேட வேண்டியிருக்கும்.